பூஞ்சை நஞ்சில்லாத பால் வாங்குவது எப்படி? பொத்தேரிவாசிகளுக்கு ஒரு கையேடு

இது பொத்தேரிக்காரர்களுக்காக எழுதப்பட்ட கையேடு. கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர்க்காரர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். மறைமலை நகர் தாண்டினால் நான் பொறுப்பில்லை. தேவையான பொருட்கள்: ஒரு எவர்சில்வர் தூக்கு, காலை ஐந்தரைக்கு எழும் பழக்கம், வீட்டில் பைத்தியம் என்று பெயர் வாங்கினாலும் கலங்காத மனம்.

முதலில் எதிரி யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மூரில் யார் பாலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் தண்ணீர் வந்துவிடும். நான் தினமும் டீ குடிக்கும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இதற்கென்றே ஒரு சபை கூடுகிறது. தண்ணீர், மாவு, யூரியா, சோப்பு என்று பட்டியல் நீளும். கல்லூரி விடுதிப் பையன்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தலையாட்டுவார்கள். எல்லாமே யாரோ ஒருவன் ராத்திரியில் கொண்டுவந்து கலந்தவை. 2017-இல் அன்றைய பால்வளத்துறை அமைச்சர் கே.டி.ராஜேந்திர பாலாஜியே தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று சொன்னார். நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று தடை வந்தது. சபைக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதால் வழக்கு அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நம் எதிரியை யாரும் கலப்பதில்லை. அதைத் தயாரிப்பது ஒரு பூஞ்சை, பாலில் சேர்ப்பது மாடு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்று அந்தப் பூஞ்சைக்குப் பெயர். வேர்க்கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம், கொப்பரை எதில் ஈரம் பட்டாலும் குடிவந்துவிடும். 25 முதல் 35 டிகிரி வெப்பமும், சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கமும் அதற்குச் சுகம். ஐப்பசி கார்த்திகையில் பொத்தேரி எப்படி இருக்குமென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு அஃப்ளாடாக்சின் பி1. பூசணம் பிடித்த தீவனத்தை மாடு தின்றால் ஈரல் அந்த பி1-ஐ எம்1 ஆக மாற்றிப் பாலில் இறக்குகிறது. எம் என்றால் மில்க், பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பாலுக்கு வரும், நிறையக் கறக்கிற மாடென்றால் ஆறு பங்கு வரைக்கும். தின்ற மறுநாளே பாலில் தெரியும். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் வைத்திருக்கிறது. அவை குறிவைப்பது ஈரலை.

இனி, தமிழ்நாட்டில் பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் பெருமைப்பட வேண்டிய இடம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு முழுக்கப் பால் வாங்கிச் சோதித்தது. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் 1,103 ஊர்கள், 6,432 மாதிரிகள். (விடுதிகளையும் சேர்த்து எண்ணியிருந்தால் பொத்தேரிக்கும் இடம் கிடைத்திருக்குமோ என்னவோ.) முடிவு வந்தது 2019 அக்டோபர் 18, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, பால்கோவாவுக்கு ஆர்டர் கொடுத்து முடித்த பிறகு. சபை இத்தனை வருஷம் கத்திய கலப்படத்தில் உடலுக்கு ஆபத்தானது எத்தனை மாதிரியில் தெரியுமா? 12. ஆறாயிரத்துச் சொச்சத்தில் பன்னிரண்டு. அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியதோ 368 மாதிரிகளில். அவற்றில் 88 தமிழ்நாட்டுடையவை. இங்கே எடுத்ததே 551 மாதிரிதான், ஆக நூற்றுக்குப் பதினாறு. எண்ணிக்கையில் டெல்லியும் கேரளமும் நமக்குப் பின்னால் நின்றன. அந்த நவம்பரில் மக்களவை வரைக்கும் இந்த 88 போனது. இதைச் சபையில் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, தண்ணி கலக்குறானே அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

வரம்பு என்றால் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வீட்டில் சோதனை செய்யும் ஆசை தானாகக் குறையும். இந்தியாவில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் நஞ்சு 20 லட்சம் லிட்டர் பாலை வரம்புக்குக் கொண்டுவந்துவிடும் என்று அர்த்தம். ஆவின் சென்னையில் ஒரு நாளில் விற்கிற மொத்தப் பாலைவிட அது அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு இதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. நம் பாலை அந்தக் கோலால் அளந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கையேடு யோசிக்காது.

சோதனைகளுக்கு வருவோம். சாய்ந்த கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விடுங்கள். வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கினால் நல்ல பால், தடம் இல்லாமல் ஓடினால் தண்ணீர். அயோடின் விடுங்கள், நீலமானால் மாவு. குலுக்குங்கள், நுரை தடித்து நின்றால் சோப்பு. எல்லாம் நல்ல சோதனைகள்தான், பரவலாகச் சொல்லப்படுபவைதான். எங்கள் வீட்டுப் பால் மூன்றிலும் முதல் வகுப்பில் தேறியது. எம்1-க்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. பசும்பால் வாசனை என்று நீங்கள் மயங்குகிற அதே தூக்கிலும் அது இருக்கலாம்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யாமல் இருப்பதற்காக. அஃப்ளாடாக்சின் பெயர்களில் வரும் பி என்பது நீலத்துக்கும் ஜி என்பது பச்சைக்கும் உரிய ஆங்கில எழுத்துகள். புற ஊதா விளக்கில் அவை அந்தந்த நிறத்தில் மின்னுமாம். இதைப் படித்த அன்றே மொபைல் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கிவந்தேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கிண்ணத்தில் பாலை ஊற்றிக் காட்டினேன். பால் மின்னியது! வெளிறிய மஞ்சள் பச்சை. எனக்கு வியர்த்துவிட்டது. அரைமணி நேரம் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, பாலில் இயல்பாகவே இருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் ஊதா விளக்கில் அப்படித்தான் மின்னுமாம். அதற்குள் வீட்டுக்காரி எழுந்து வந்துவிட்டாள். "இருட்டுல பனியனோட நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" குனிந்து பார்த்தேன். அந்த அறையிலேயே அதிகமாக மின்னிக்கொண்டிருந்தது சோப்புத்தூளில் வெளுத்த என் பனியன்தான், பளீரென்ற நீலத்தில். என்னைக் கிண்டி உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

ஆய்வகம் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த வழியும் உண்டு. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்துகொள்ள இடம் கொடுக்கிறது. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். பதினான்காம் நாள் அறிக்கை வரும்போது அந்தப் பால் காபியாகி, தயிராகி, மோராகி, மிச்சம் கறிவேப்பிலைச் செடிக்குப் போயிருக்கும். அந்த மாடும் வேறு தீவன மூட்டைக்கு மாறியிருக்கும்.

காய்ச்சினால் போகுமா? போகாது. மூன்று முறை பொங்கவிட்டால்? கேஸ்தான் போகும். இந்த நஞ்சுக்குப் பால் பண்ணையின் பதப்படுத்தும் சூடும் உறைக்காது. பனீராக்கினால் இன்னும் மோசம். எம்1 பாலில் உள்ள கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டுப் புரதத்தைக் கட்டியாக வைத்துக்கொள்ளும் எந்தப் பண்டத்திலும் கிராமுக்கு அளவு கூடும். நெய்யில் புரதமே அநேகமாக இல்லை, ஆகவே நஞ்சும் சொற்பம். இதை மாமியாரிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு மூன்றாவது தோசைக்கும் நெய் விழுகிறது. இந்த ஆராய்ச்சியில் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

பாக்கெட்டா, கறந்த பாலா? நீலமா, பச்சையா, ஆரஞ்சா? நிறம் கொழுப்பைச் சொல்லும், பூஞ்சையைப் பற்றி வாய் திறக்காது. அந்த ஆய்வில் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் எம்1 அதிகம் தெரிந்தது என்று ஆணையமே சொன்னது. கேட்டதும் நான் பாக்கெட்டை நிறுத்திவிட்டு ஏரிப்பக்கம் மூன்று மாடு வைத்திருக்கும் அக்காவிடம் கறந்த பாலுக்குச் சொல்லிவைத்தேன். பாக்கெட்டுக்கும் எங்கேயோ ஒரு தொழுவம்தான் மூலம் என்று உறைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஊர் ஊராய்ப் பால் கலக்கும்போது ஒரு தொழுவத்தின் நஞ்சு நீர்த்தும் போகும், பல வீட்டுக்குப் பரவியும் போகும். அக்காவின் பாலிலோ நீர்க்கவும் செய்யாது, பரவவும் செய்யாது. நேராக எங்கள் வீட்டுக்கே வரும்.

ஆகவே கையேட்டின் உண்மையான முதல் படி இதுதான்: தூக்கோடு வாசலில் நிற்காதீர்கள், தொழுவத்துக்குப் போங்கள்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் போனேன். ராத்திரி முழுக்க மழை.

"இன்னா சார் காலங்காத்தால? பாலு தண்ணியா கீதா?"

பாருங்கள், அவரும் தண்ணீரில்தான் ஆரம்பித்தார்.

"பால் நல்லா இருக்குக்கா. புண்ணாக்கு எங்க வெச்சிருக்கீங்க?"

நகை எங்கே இருக்கிறது என்று கேட்டதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூலையைக் காட்டினார். கீற்றுக் கொட்டகை. சுவரில் சாத்திய கோணிப்பை, கீழே ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து ஈரம் ஏறியிருந்தது. கையை விட்டு அடியிலிருந்து ஒரு கடலைப் புண்ணாக்கு வில்லையை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். உடைந்த இடத்தில் நூலாம்படை மாதிரி வெள்ளை, அதன்மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த தூள். ஃபூ என்று ஊதினார். அந்தத் தூள் வாசலில் விழுந்த வெயில் கீற்றில் கொஞ்ச நேரம் மிதந்தது. முந்தானையால் துடைத்தார், மோந்து பார்த்தார், தொட்டித் தண்ணீரில் போட்டார்.

"ஊறிச்சின்னா போயிடும் சார். மாட்டு வயிறு இன்னா நம்ம வயிறா?"

அதில் பாதி நியாயம் இருக்கிறது. வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும், அதனால்தான் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. நான் என் படிப்பை அவிழ்த்தேன்.

"1960-ல சீமையில இதே மாதிரி பூசணம் புடிச்ச கடலைப் புண்ணாக்கைப் போட்டு ஒரு லட்சம் வான்கோழி செத்துப்போச்சுக்கா. பிரேசில்லேர்ந்து வந்த புண்ணாக்கு. என்ன நோய்னே தெரியாம எக்ஸ்னு பேரு வெச்சாங்க. அதைத் தேடப் போய்த்தான் இந்த நஞ்சையே கண்டுபுடிச்சாங்க."

"வான்கோழி பாலு குடுக்குமா சார்?"

ராஜஸ்தானின் பான்ஸ்வாராவையும் குஜராத்தின் பஞ்ச்மகாலையும் அவரிடம் சொல்லவில்லை. 1974-இல் அந்தப் பக்கத்துப் பழங்குடி ஊர்களில் அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றே ஆக வேண்டிய நிலை. மஞ்சள் காமாலையும் வீங்கிய வயிறுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. அது நேரடியாகத் தின்றதால் வந்த சாவு, அளவும் மிகப் பெரிது. பாலில் வருவது சொட்டுச் சொட்டாக. ஒரு டம்ளரில் யாரும் விழுந்துவிட மாட்டார்கள். மூன்று வேளையும் பாலிலேயே வளரும் குழந்தைக்கும், ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி இருக்கும் ஈரலுக்கும்தான் கணக்கு வேறு. கேள்விப்பட்டதும் பாலையே நிறுத்திவிடும் வீரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 551-இல் 463 இந்த நஞ்சில் வரம்புக்குள்தான் இருந்தன.

"அந்தப் பூசணம் புடிச்சதையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்கக்கா."

"போட்டுட்டு? சொசைட்டிக்காரன் கொழுப்பு பாக்குறான், எஸ்.என்.எஃப். பாக்குறான், அதுக்குக் காசு. பூசணம் இல்லாத பாலுன்னு ஒரு ரூபா கூடக் குடுப்பானா? நீ குடுப்பியா சார்?"

கையேடு எழுதுபவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. (எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு போக உள்ள திடச்சத்து.) மாட்டுத் தீவனத்தில் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் எழுதிவைத்திருக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் சோளத்தில் ஒரு லோடு இறங்கினால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள், ஏனென்றால் கோழி முட்டையைக் குறைத்து உடனே கணக்குக் காட்டிவிடும். மாடு காட்டாது. இத்தனைக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. தீவனத்தை ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவும் உண்டு. அக்கா அந்தப் பக்கம் போய்வருவாராம், புல்லறுக்க.

ஆனாலும் அக்கா ஒன்றும் பிடிவாதக்காரர் இல்லை. அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து மூட்டையை நகர்த்தினோம். ஆறு செங்கல், மேலே ஒரு பழைய கதவுப் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. மழைக்காலம் முடியும் வரை முழு மூட்டையாக வாங்காமல் வாராவாரம் கொஞ்சமாக வாங்குவது, வெயில் கண்ட அன்று வில்லைகளைக் காயவைப்பது என்று ஒப்பந்தம். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஊதா விளக்கும் பனியனும். அடியில் இருந்த பூசணப் புண்ணாக்குக்கான காசை நான் கொடுத்தேன். எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை.

வெற்றிக் களிப்போடு வீடு திரும்பியபோது சமையலறை மேடையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தயாராக இருந்தது. உள்ளே வேர்க்கடலை, பாதிக்கு மேல் சுருங்கிப் பச்சை பிடித்திருந்தது.

"காறிப்போச்சு, நமக்கு ஆவாது. மழை விட்டதும் மாட்டுக்குப் போட்டுட்டு வாங்க, புண்ணியம்."

வீட்டுக்காரியைக் குறை சொல்வதற்கில்லை. அமாவாசைக்கு அகத்திக்கீரை, ஏகாதசிக்கு வாழைப்பழம், மற்ற நாளில் நமக்கு ஆகாதது எல்லாம் மாட்டுக்கு என்றுதானே வளர்ந்தோம்? தெருமுனைக் கழனிப்பானையில் எங்கள் வரிசைக்கு மட்டும் நாலு விடுதிச் சமையலறை மிச்சமும் சேர்கிறது. உணவை வீணாக்காத குலம். அந்த மிச்சத்தில் கிடக்கும் ரொட்டியில் பூப்பது பெரும்பாலும் வேறு சாதிப் பூஞ்சை, அதை விடுங்கள். கடலையும் கொப்பரையும் சோளமும்தான் இதற்கு வீடு. போன வருஷம் இதே பாட்டிலை நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். யாருடைய மாட்டுக்கு என்று நினைவில்லை. போட்ட பிறகு மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

பாட்டிலைக் காலி செய்து, குப்பைப் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

கையேட்டின் கடைசிக் குறிப்பு, மறுநாள் காலை சேர்த்தது. டீக்கடைக்குப் போகும் வழியில் ஏரிக்கரை வளைவில் ஒரு கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு நின்றிருந்தது. அதன் காலடியில், அக்கா முந்தின நாள் கூடையோடு கொண்டுபோய்க் கொட்டிய எங்கள் பூசணப் புண்ணாக்கு. மழையில் ஊறி, நன்றாகப் பதமாகியிருந்தது. பசு அவசரமில்லாமல் தின்றது. தூக்கோடு எதிரே வந்த அக்காவை நிறுத்திக் காட்டினேன்.

"அடடே" என்றார் அக்கா. "ஆனா அது நம்ம மாடு இல்ல சார், நீ பயப்படாத. ஸ்டேஷன் டீக்கடைக்கு ஊத்துறாங்களே, அவங்க மாடு."